நூல் நேராகும் வரை

நீரில்லாத இடத்திலே மீன் பிடிப்போரை நேயர்கள் கண்டதுண்டா? கிளிநொச்சியில் எமது கல்லூரி மைதானத்தின் மூலையொன்றிலே, சனிக்கிழமை மாலைகளில் அத்தகையோர் அறுவரைக் காணலாம். நால்வர் மாணவர், இருவர் மாணவியர். ஒவ்வொருவர் கையிலும் நீண்டதொரு கோல். கோலின் நுனியிலே தடித்த நூல். நூலின் முனையிலே, முள் இருக்கவேண்டிய இடத்தில் சிறியதொரு பஞ்சுத் துணுக்கு. இருபத்தைந்து அடி தொலைவில் புல்லின்மீது கிடத்திய பழைய சைக்கிள் டயர் ஒன்றினுள் அந்தப் பஞ்சை விழுத்துவதற்கு அவர்கள் படும் பாடு சொல்லுந்தரமன்று. வீதியிற் செல்வோர் நின்று பார்ப்பர். "மாஸ்டருக்கு என்ன நடந்தது?" என்று ஒருவர் மற்றவரை வினவியது ஒருநாள் எம் செவியிலும் விழுந்தது.

அவர் கேட்டதிலே குற்றமில்லை. வன்னி குளங்களின் நாடு. 1902ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் முடித்த இரணைமடு முதலாக, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, பாவற்குளம் என்று பெருங்குளங்கள் பல. ஊருக்கு ஊர் சிறுகுளங்கள் எண்ணில. இங்கே பிறந்த பிள்ளைக்கு மீன் பிடிக்கக் கற்பிப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றதே. ஆயினும் நாம் விற்கத் துணிந்த ஊசி வேறொரு வகை.

சாதாரணத் தூண்டிலை எல்லாரும் அறிவர். முள்ளிலே மண்புழுவைக் கோத்து, ஈயக் குண்டொன்றைக் கட்டி எறிகின்றோம். குண்டின் பாரம் நூலை இழுத்துச் செல்கின்றது. நாம் கற்பிக்கும் தூண்டிலிலோ புழுவுமில்லை, குண்டுமில்லை. முள்ளின்மேல் இறகையும் நூலையும் சுற்றி, ஈயோ ஈசலோ என்று மீன் மயங்கும்படி ஒரு பொய்யிரை செய்யப்படுகின்றது. அதற்குப் பாரமே இல்லை. ஓர் இறகை எடுத்துக் கைவீசி எறிந்து பாருங்கள். அது காலடியில் விழும். ஆகையால் இக்கலையிலே பாரம் நூலுக்குத் தரப்பட்டிருக்கின்றது. நூல் தடித்தது, கனத்தது. எறியப்படுவது இரையன்று, நூல். இரை நூலின் பின்னே விருந்தாளிபோலச் செல்கின்றது. இவ்வொரு வேற்றுமையை விளங்கிக்கொண்டவர் பாதி கற்றவராவர். இதனை ஈத்தூண்டில் என்று எம் மாணவர் அழைக்கின்றனர்.

இது புதிய விளையாட்டன்று. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஈலியன் என்னும் உரோம நாட்டு எழுத்தாளர், மக்கெதோனிய ஆற்றங்கரை மக்கள் முள்ளிலே செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவலின் இறகிரண்டைச் சேர்த்து மீன் பிடித்த செய்தியை எழுதி வைத்துள்ளார். இங்கிலாந்திலே 1496இல் தூண்டிற்கலை பற்றிய நூலொன்று அச்சேறியது. ஐசாக் வால்ட்டன் எழுதிய புகழ்பெற்ற நூல் 1653இல் வெளிவந்தது. எம் முன்னோரும் தூண்டிற்கோலைக் கூர்ந்து நோக்கியவரே. காட்டு யானை வளைத்துப் பின் கைவிட்ட பசுமூங்கில் விசையோடு மேலெழுவதை, மீனைப் பறித்தெழும் தூண்டிலுக்கு ஒப்பிட்டார் ஒரு சங்கப் புலவர். குறுந்தொகையின் 54ஆம் பாட்டிலுள்ள அவ்வுவமையால் அவருக்கு மீனெறிதூண்டிலார் என்ற பெயரே நிலைத்துவிட்டது. வளைந்த கோல் நிமிரும்போது பிறக்கும் விசையே எம் கலைக்கும் உயிர். முதல் வகுப்பிலே அந்த யானையையும் மூங்கிலையும் பற்றிச் சொல்லியே நாம் தொடங்குவது வழக்கம்.

இலங்கைக்கு இக்கலை வந்தது மலைநாட்டின் வழியாக. 1880களில் பிரித்தானியர் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனின் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொணர்ந்து நுவரெலியாப் பகுதி ஓடைகளிலே அம்மீனை வளர்க்க முயன்றனர். 1896இல் தூண்டிற்காரருக்கென ஒரு சங்கமும் அமைந்தது. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் விடுமுறை நாட்களில் ஓடைக்கரைக்குச் செல்வர். கோல் துரையின் கையில். கூடை தோட்டத்துச் சிறுவனின் தோளில்.

அப்படிக் கூடை சுமந்த சிறுவர்களுள் ஒருவரே எமக்கு இதனைக் கற்பித்த பெரியவர். 1960களின் தொடக்கத்தில், பன்னிரண்டு வயதிலே, ஞாயிறுதோறும் கூடையோடு துரையின் பின்னே நடந்தவர். ஒருநாளேனும் அக்கோலை அவர் கையிலே கொடுத்தாரில்லை. கண்ணாற் கண்டதை அவர் இரவிலே லயத்தின் முன்னுள்ள முற்றத்தில் மூங்கிற் கம்பைக் கொண்டு பழகினார். பருத்தி நூலை முறுக்கி மெழுகுதிரி தேய்த்துக் கனமாக்கிக் கொண்டாராம். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று.

நாம் அவரை முதன்முதல் கண்டது 2012இல். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்த கிளிநொச்சி மக்கள், 2010இலிருந்து திரும்பி வந்து கூரையற்ற சுவர்களுக்குத் தகரம் போட்டுக்கொண்டிருந்த காலத்தின் கடைசிப் பகுதி அது. அறுவடை முடிந்த வயலிலே முதியவர் ஒருவர் தனியே நின்று, ஒரு கம்பினால் நூலொன்றை முன்னும் பின்னுமாக வானிலே வரைந்துகொண்டிருந்தார். அருகிற் சென்று, என்ன செய்கிறீர்கள் ஐயா என்றோம். "சும்மா தம்பி. கை மறந்திடக் கூடாதில்ல" என்றார். இடப்பெயர்விலே வீடும் மாடும் போயின. கைப்பழக்கம் ஒன்றே அவரோடு திரும்பி வந்திருந்தது. அன்று தொடக்கம் மூன்றாண்டுகள் அவரிடம் பயின்றோம். அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவர் சொல்லித்தந்த முறையிலேயே இன்று நாம் சொல்லிக்கொடுக்கின்றோம்.

முறை எளிது. கோலை இறுகப் பற்றாது, பெருவிரல் மேலே இருக்கும்படி பிடிக்கவேண்டும். மணிக்கட்டு மடங்கலாகாது, மடங்குகின்றவருக்குக் கோலின் அடியையும் மணிக்கட்டையும் கைக்குட்டையாற் சேர்த்துக் கட்டிவிடுவோம். முழங்கை உடலை விட்டு விலகலாகாது. விலகுகின்றவர் கக்கத்திலே புத்தகம் ஒன்றை இடுக்கிக்கொள்ள வேண்டும். எம் மாணவர் பௌதிகப் பாடநூலை இதற்குத் தெரிந்தெடுத்தனர். அதற்கு இப்படியும் ஒரு பயனுண்டென்று இப்போதுதான் தெரிகிறதென்றாள் ஒருத்தி.

இனி வீச்சு. முகத்தின் பக்கத்திலே கடிகாரம் ஒன்று தொங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். முன்னே பத்து மணி. தலைக்குச் சற்றுப் பின்னே ஒரு மணி. கோல் இவ்விரண்டுக்கும் நடுவிலேதான் அசையவேண்டும். மெதுவாகத் தொடங்கி, விரைந்து, சட்டென நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது வளைந்த கோல் நிமிர்ந்து தன் விசையை நூலுக்குக் கொடுக்கின்றது. நூல் வளையமாகச் சுருண்டு, பின்பக்கமாக விரிந்து நீள்கின்றது. அது முற்றும் நீண்டு நேரானபின்பே கோலை முன்னே கொண்டுவரலாம். நூலின் நீளம் கூடக் கூடக் காத்திருக்கும் நேரமும் கூடும்.

இக்கலையின் அரிய பகுதி இந்தக் காத்திருத்தலே. கண்ணுக்கு முன்னே குளம், மனமோ மீனின்மேல், நூலோ முதுகுக்குப் பின்னே. காணாத ஒன்றின்பொருட்டுக் கை ஓய்ந்து நிற்கவேண்டியிருக்கின்றது. தொடங்குவோரால் அது முடிவதில்லை. நூல் நேராகுமுன் முன்னே இழுத்தால் சாட்டைபோல் ஓசை எழும். பொய்யிரை அறுந்து போகும். அளவுக்கு மீறிக் காத்தாலோ நூல் தளர்ந்து பின்னேயுள்ள புல்லில் விழும். பெரியவர் இதனை ஒரே வசனத்திற் சொல்லுவார்: "முன்னால போறதுக்கு அவசரப்படாதீங்க தம்பி, பின்னால போனது மொதல்ல நேராகட்டும்." மாணவர் பின்வீச்சிலே நூலைப் புல்லில் விழவிடும்போதெல்லாம் நாம் கடிந்துகொள்வோம். இது நேயர்கள் நினைவிலே வைத்திருக்க வேண்டிய செய்தி.

அறுவருள் ஒருவன் இவற்றையெல்லாம் மிக விரைவிலே கற்றான். குளத்திலே வலை போட்டுப் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளை. கையும் கண்ணும் பிறவியிலேயே பழகியவை. ஆனால் அவன்தான் எம்மை மிகவும் சங்கடப்படுத்தியவனும். முதல் நாளே எழுந்து, "சேர், எங்கட அப்பா ஒரு விடிய வலையில எடுக்கிறதை நீங்கள் ஒரு மாசம் வீசினாலும் பிடிக்க ஏலாது. பிறகேன் இது?" என்றான். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்து மழுப்பினோம். உண்மையிலே எம்மிடம் விடையில்லை. மீன் அவன் வீட்டின் உலையரிசி. எமக்கோ அது மாலைப்பொழுதின் விளையாட்டு. அன்றியும் நாம் மரக்கறி உணவிலே வளர்ந்தவர். உண்ணாதவன் பிடிக்கலாமா என்ற கேள்வி எம் மனத்திலேயே நெடுநாள் முள்ளாகத் தைத்திருந்தது. பெரியவரிடம் ஒருமுறை கேட்டோம். யாராவது சாப்பிடுவதானால் முள்ளோடு வீசலாம், இல்லாவிட்டால் பஞ்சோடு வீசலாம் என்றார். அவ்விதியையே கைக்கொண்டோம். பிடிபடும் மீன் எவருடைய வீட்டுக்காவது கறியாக வேண்டும். கறிக்கு ஆகாத சிறுமீன் நீருக்குத் திரும்பவேண்டும். அதன்பொருட்டு, முள்ளின் உட்புறத்திலே பின்னோக்கி நிற்கும் கூரைக் குறட்டினால் அமுக்கித் தட்டையாக்கிவிடுவோம். அப்போது முள் தைத்தாலும் எளிதிற் கழலும். மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை பட்டால் மீனின் உடலைக் காக்கும் வழுவழுப்பு உரிந்துவிடும்.

பொய்யிரை கட்டுவதும் பாடத்திலே ஒன்று. ட்ரவுட் மீனுக்கென மேல்நாட்டார் கட்டுகின்ற ஈக்கள் எமது குளத்துக்குப் பொருந்தா. குளத்தைப் பார்த்தே இரையைச் செய்யவேண்டும். ஐப்பசியின் முதல் மழை பெய்து ஓய்ந்ததும் புற்றிலிருந்து ஈசல் எழுகின்றதன்றோ? அவற்றுட் பல சிறகு நனைந்து நீரிலே விழும். கெண்டைகள் மேலெழுந்து அவற்றைப் பொறுக்கும். ஆகவே எம் பொய்யிரை ஈசலே. கபில நிற நூலை உடலாகச் சுற்றி, சேவலின் கழுத்திறகைச் சிறகாக வைத்துக் கட்டினால் போதும். அதனைத் தங்கூசி நூலிலே முடிப்பதற்கும் ஒரு வழியுண்டு. நூல் முனையை முள்ளின் காதினுள் நுழைத்து, நூலின்மேல் ஐந்து சுற்றுச் சுற்றி, காதருகேயுள்ள சிறு கண்ணியினுள் திருப்பிக் கோத்து, உமிழ்நீரால் நனைத்து, மெதுவாக இறுக்கவேண்டும். நனைக்காது இறுக்கினால் உராய்வின் சூட்டினால் தங்கூசி வலுவிழக்கும். இந்த முடிச்சிலே எம் மாணவியர் இருவரும் மாணவர் நால்வரையும் வென்றனர்.

கடந்த ஐப்பசியிலே, சோளகம் ஓய்ந்து காற்று அடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை காலையில், முதன்முறையாக அவர்களைக் குளத்துக்கு அழைத்துச் சென்றோம். இரணைமடுவின் அலையும் காற்றும் தொடங்குவோருக்குப் பொருந்தா. ஆதலால் அண்டையிலுள்ள சிறுகுளமொன்றைத் தெரிந்தோம். அக்குளத்து மீனவரிடம் முன்கூட்டியே சொல்லி உடன்பாடு பெற்றோம். பெற்றோருக்கும் அறிவித்தோம். மேல்நாட்டிலே தூண்டிற்காரர் இடுப்பளவு நீரில் இறங்கி நிற்பர். எம் குளங்களிலே முதலை உண்டு. ஆதலால் எவரும் நீரிலே கால் வைக்கலாகாது, விளிம்பிலிருந்து விலகியே நிற்கவேண்டும் என்பது முதற் கட்டளை. பழகிய பாதையை விட்டு விலகலாகாது, நிலத்திலே அறியாத பொருள் எதையும் தொடலாகாது என்பது இரண்டாவது. போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கும் வன்னியிலே இதனைச் சொல்லவேண்டியிருக்கின்றது. தொப்பியும் கண்ணாடியும் அணியவேண்டும் என்பது மூன்றாவது. காற்றுத் திரும்பினால் முள் முகத்தை நோக்கி வரும். ஒருவர் வீசும்போது மற்றவர் அவருக்குப் பின்னே நிற்கலாகாது என்பது நான்காவது.

இரண்டு மணி நேரம் வீசினோம். நூல்கள் அல்லிக் கொடியிலே சிக்கின; மருத மரக்கிளையொன்று எமது ஈசல் மூன்றினைக் கவர்ந்துகொண்டது. விரலளவு கெண்டையொன்று ஒரு மாணவிக்கு அகப்பட்டு, நனைந்த கையிலே ஒரு கணம் மின்னிவிட்டு நீருக்கு மீண்டது. வேறொன்றுமில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் முகம் வாடுவதைக் கண்டோம். பல மாதம் புல்லிலே வீசிப் பழகியவர்களுக்கு ஒரு நல்ல மீனாவது அகப்படவேண்டுமே என்ற தவிப்பு எம்மைப் பற்றிக்கொண்டது. உண்மையைச் சொல்வதானால், வீதியிலே நின்று எம்மை எள்ளியவருக்கு ஒரு மீனையாவது காட்டவேண்டுமென்ற ஆசையும் அத்தவிப்போடு கலந்திருந்தது.

அப்பொழுதுதான் கரையிலிருந்து முப்பதடி தொலைவில், அல்லியிலைகளுக்கு நடுவே நீர் சிறிது கொதிப்பதுபோல் அசைவதைக் கண்டோம். அதன் கீழே கரியதொரு நீண்ட உடல் திரும்பிற்று. விரால்! இரண்டு கிலோவுக்குக் குறையாது என்று மனம் கணக்கிட்டது. மீனவர் வீட்டுப் பிள்ளையே அதற்கு அருகில் நின்றான். "அதோ விரால்! வீசு, வீசு, கெதியாய்!" என்று கூவினோம்.

அவன் கோலை உயர்த்தினான். நூல் நீரைவிட்டு எழுந்து, தலைக்குமேலே வளையமிட்டுப் பின்னே சென்று அழகாக நேராகியது. அவ்வளவு நல்ல பின்வீச்சை அவனிடம்கூட நாம் அதுவரை கண்டதில்லை. இனி முன்னே கொண்டுவர வேண்டியதுதான். அவன் கொண்டுவரவில்லை. கோல் ஒரு மணியிலே அப்படியே நின்றது. நூல் தளர்ந்து, தாழ்ந்து, பின்னேயுள்ள புல்லிலே விழுந்தது.

"ஏன்டா?" என்றோம், சற்றுச் சினத்தோடு.

அவன் நீரைக் காட்டினான். "சேர், அது குஞ்சோட நிக்குது. குஞ்சோட நிக்கிற விராலை அப்பா பிடிக்கமாட்டார்."

உற்று நோக்கினோம். கொதிப்பதுபோல் தோன்றியது விராற் குஞ்சுகளின் கூட்டம். செம்மஞ்சள் நிறமான நூற்றுக்கணக்கான சிற்றுயிர்கள் காற்றை உட்கொள்வதற்காக மேலே வந்து வந்து மீண்டுகொண்டிருந்தன. விரால் தன் குஞ்சுகளை விட்டகலாது காவல் நிற்கும் இனம். அருகே எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும், பசியினாலன்று, காவலினால். ஆதலால் குளத்திலே மிக எளிதாக அகப்படும் மீன் அதுவே. தாய் தந்தையரை இழந்த குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். இவையெல்லாம் நாம் நூலிலே படித்தறிந்தவைதாம். படித்தது எம் கண்ணுக்கு எட்டவில்லை. நூல் நேராகும் அந்த ஓரிரு கணத்தில் அப்பிள்ளை நீரைப் பார்த்தான். நாம் மீனை மாத்திரம் பார்த்தோம்.

மாணவர் அனைவரும் எம் முகத்தையே நோக்கி நின்றனர். ஆசிரியத் தொழிலிலே இத்தகைய கணங்கள் அடிக்கடி வருவதில்லை. மழுப்புவதற்கு வழிகள் பல இருந்தன. "நீ செய்ததே சரி. நாம் சொன்னது பிழை" என்றோம். அவன் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டு, புல்லிலே கிடந்த நூலைச் சுற்றத் தொடங்கினான்.

அன்று ஒருவருக்கும் கறிக்கு மீனில்லை. திரும்பும் வழியிலே அவனுடைய தந்தையாரைக் குளக்கட்டிலே சந்தித்தோம். நடந்ததைச் சொன்னோம். அவர் அதனைப் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. "அதைப் பிடிச்சா வாற வருசத்துக்கு என்ன மாஸ்டர் இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, வலையிலே பட்ட திலாப்பியா மீன்களைப் பனையோலையிலே கோத்து ஆளுக்கு இரண்டாகப் பிள்ளைகளிடம் கொடுத்தார். 1952இல் வெளிநாட்டிலிருந்து இலங்கை நீர்நிலைகளுக்குக் கொணர்ந்து விடப்பட்டு, இன்று எளியவர் வீட்டுக் கறியாகிவிட்ட மீன் அது. நாம் மரக்கறிக்காரர் என்பதை அறிந்து, எமக்குத் தாமரைக் கிழங்கு சிறிது தந்தார்.

இது ஏன் என்று முதல் நாள் அவன் கேட்ட கேள்விக்கு இப்பொழுதும் முழுமையான விடை எம்மிடம் இல்லை. மீன் வேண்டுமெனில் அவன் தந்தையின் வலையே போதும். ஆயினும் சனிக்கிழமை வகுப்பு நடந்துகொண்டுதான் இருக்கின்றது. இவ்வாண்டு புதிதாக ஐவர் சேர்ந்துள்ளனர். அவர்களுக்குப் பின்வீச்சைக் கற்பிக்கும் பொறுப்பை அவனிடமே விட்டுவிட்டோம். சென்ற வாரம் சற்றுத் தள்ளி நின்று கவனித்தோம். புதியவன் ஒருவன் அவசரப்பட்டு இழுக்க, நூல் சாட்டைபோல் ஒலித்தது. "அவசரப்படாத. பின்னால நேராகட்டும். அதுக்குள்ள முன்னால என்ன நிக்குதெண்டு பார்" என்றான் அவன்.

முதற் பாதி பெரியவர் எமக்குச் சொன்னது. பிற்பாதி அவனுடையது. இனி நாமும் இரண்டையும் சேர்த்தே சொல்வதென்று முடிவு செய்திருக்கின்றோம்.